பதினேழாம் நம்பரின் இடது கண்

— மறுபடியும் இடது கண்ணு மட்டும்தான்.

— அப்படியா மேடம்? ஐயோ பாவம்.

— யாரு பாவம்?

— கண்ணுதான். வேற யாரு?

— பேசாதீங்க. நீங்க பேசினா மெஷின்ல வச்ச நாடி ஆடுது. நாடி ஆடினா எனக்கு எல்லாமே ஆடுது. நெத்தியை அந்தப் பட்டையில ஒட்டி வைங்க. ம், இன்னும் கொஞ்சம். இப்ப என் காதைப் பாருங்க.

— எந்தக் காது?

— இத்தனை வாரமா வர்றீங்க, இன்னும் எந்தக் காதுன்னு கேக்கறீங்க! இடது கண்ணுக்கு இடது காது.

— கம்மல் புதுசா மேடம்?

— காதைப் பாக்கச் சொன்னேன். கம்மலைப் பாக்கச் சொல்லல.

— ரெண்டும் ஒரே இடத்துல இருக்கே.

— நல்லா ஒரு தடவை சிமிட்டுங்க. திறங்க. அப்படியே இருங்க.

— என்ன தெரியுது?

— வழக்கமா தெரியறதுதான். நீல வெளிச்சத்துல கண்ணு முழுக்க மஞ்சப் பச்சையா மினுங்குது. அது நான் காகிதத்துல தொட்டு வச்ச சாயம், எல்லாருக்கும் அப்படித்தான் மினுங்கும். ஆனா உங்களுக்குக் கீழ்ப் பக்கத்துல மட்டும் புள்ளி புள்ளியா தங்கி நிக்குது. கண்ணோட மேல்தோல் எங்க சேதமாயிருக்கோ, அங்க சாயம் போய் உக்காந்துக்கும்.

— எத்தனை புள்ளி?

— எண்ணிட்டிருக்கேன், குறுக்க பேசாதீங்க. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது. போன வாரம் முப்பத்தொண்ணு.

— அப்ப முன்னேற்றம்னு சொல்லுங்க!

— பதினேழு!

— சொல்லுங்க மேடம்.

— இது பரீட்சை மார்க் இல்ல.

— சரி சரி. கோவிச்சுக்காதீங்க. நேத்து எங்கக்கா கேட்டா, அந்த டாக்டரம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு. பதினேழுன்னு கூப்பிடறாங்கன்னேன். ஏண்டா, நீ ஆஸ்பத்திரிக்குப் போறியா, ஜெயிலுக்குப் போறியாங்கறா.

— ஆராய்ச்சின்னா அப்படித்தான். பேரு தெரிஞ்சா ஆளு தெரியும், ஆளு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். யாரு என்னன்னு தெரியாமதான் புள்ளி எண்ணணும். உங்க பேரு எழுதின ஃபாரம் ஆபீஸ் பீரோவுல பூட்டிக் கிடக்கு. சாவி கூட என்கிட்ட இல்ல.

— அப்ப என் பேரே உங்களுக்குத் தெரியாதா?

— தெரியாது.

— கேக்கவும் மாட்டீங்களா?

— தலையை எடுக்கலாம். இந்தாங்க டிஷ்யூ. சட்டையில வடியுது பாருங்க, மஞ்சளா.

— ஐயையோ. இது இன்னிக்குத்தான் மொத தடவையா போடறேன்.

— ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் சட்டையைப் போட்டுட்டு வந்து கறையாக்கிட்டுப் போறீங்க. பழசு எதுவும் இல்லையா வீட்ல?

— பழசா? இருக்கு. நிறைய இருக்கு. விஷயம் என்னன்னா மேடம், ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஆளு கொஞ்சம் சுத்தமா வரணும்ல?

— கிருமி மேல அவ்வளவு மரியாதை உங்களுக்கு. சரி, இப்ப பச்சைச் சாயக் காகிதம். மேல பாருங்க. கீழ் இமையை இழுக்கறேன், கூசும். ஆச்சு. இப்ப ரெண்டு நிமிஷம் ஊறணும், மணி வச்சாச்சு.

— இந்த ரெண்டு நிமிஷம்தான் மேடம் ஓட்டமா ஓடிடுது.

— மத்தவங்க எல்லாம் இந்த ரெண்டு நிமிஷம் போகவே மாட்டேங்குதுன்னு உயிரை வாங்குவாங்க.

— அவங்களுக்குப் பேசத் தெரியல, அவ்வளவுதான். சொல்லுங்க, அம்மா என்ன சொல்றாங்க? போன வாரம் பாதியிலயே மணி அடிச்சிடுச்சு.

— அம்மாவா? அதே பாட்டுதான். ஊர்ல உள்ள கண்ணையெல்லாம் பாக்கறவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பாக்க நேரமில்லைங்கறாங்க. தங்கச்சிக்கு ரெண்டாவது பிறந்துடுச்சு, நீ இன்னும் சாயம் போட்டு விளையாடிட்டிருக்கியேன்னு ஒரே புலம்பல்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆய்வேட்டைக் கொடுத்துட்டு யோசிக்கறேன்னு சொன்னேன். நாலு வருஷமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன். இனிமே அதுவும் சொல்ல முடியாது. திங்கக்கிழமை கொடுக்கறேன்.

— இந்தத் திங்களா?

— இந்தத் திங்கள்தான். மெஷினை அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுக்கணும். இந்த ரூமையும்தான். அந்தக் கறுப்புத் திரையைத் துவைச்சு மாட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க.

— அப்ப நான் அடுத்த வாரம்...?

— வர வேணாம். இன்னிக்கோட கடைசி.

— ஓ.

— என்ன, குரல் இறங்கிடுச்சு? சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். வாரா வாரம் கடையைப் பாதியில மூடிட்டு வர்றதெல்லாம் மிச்சம்தான.

— சந்தோஷம்தான் மேடம். ரொம்பச் சந்தோஷம்.

— மூஞ்சியைப் பாத்தா தெரியலையே. சரி, மணி அடிச்சிடுச்சு, நாடியை வைங்க. நேராப் பாருங்க. ஆமா, இன்னிக்குக் கடையில என்ன வேலை?

— ஒரு போன் வாளித் தண்ணியில விழுந்துடுச்சு. அதைப் பிரிச்சு, போர்டை மைக்ரோஸ்கோப்ல வச்சு, செத்துப்போன ஒரு குட்டி ஐ.சி. சிப்பை மாத்தினேன். கடுகை விடச் சின்னது. மூச்சு விட்டா பறந்துடும்.

— அந்த மைக்ரோஸ்கோப்ல ரெண்டு கண்ணாலயும்தான பாப்பீங்க?

— ஆமா மேடம், இதே மாதிரிதான். நீங்களும் நானும் ஒரே தொழில். நீங்க கண்ணைப் பாக்கறீங்க, நான் போனைப் பாக்கறேன்.

— வேலை மும்முரத்துல சிமிட்ட மறந்தா, ரெண்டு கண்ணும்தான காயணும்? இடது மட்டும் ஏன் காயுது?

— அது வந்து, நான் இடது பக்கமா சாஞ்சு தூங்குவேன். தலகாணி உரசும்.

— போன வாரம் வலது பக்கம் தூங்குவேன்னு சொன்னீங்க. அப்பதான் இடது கண்ணு ஃபேனைப் பாத்திருக்கும்னு.

— புரண்டு புரண்டு படுப்பேன் மேடம்.

— அதுக்கு முந்தின வாரம் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வர்றேன், காத்து அடிக்குதுன்னீங்க.

— ஆமாமா, அதுவும் உண்டு.

— உங்க கடை இந்தத் தெரு முனையிலதான இருக்கு? நடந்துதான வர்றீங்க? நடந்து வர்றவருக்கு ஜன்னலோரம் எங்கேர்ந்து கிடைச்சுது? இப்ப மட்டும் நாடி ஆடவே இல்ல பாருங்க. கல்லு மாதிரி இருக்கீங்க.

— நீங்கதான மேடம் அசையக் கூடாதுன்னீங்க.

— தலையை எடுங்க. என்னைப் பாருங்க. காதை இல்ல, என்னை. இந்த நாலு வருஷத்துல எத்தனையோ கண்ணைப் பாத்துட்டேன். சிமிட்டாம காஞ்ச கண்ணுன்னா கீழ குறுக்க ஒரு பட்டையா வரும். மருந்து ஒத்துக்கலைன்னா கண்ணு முழுக்கத் தூவின மாதிரி வரும். நகம் பட்டா கோடா வரும். உங்களுக்கு வட்டமா வருது. மிளகு அளவுக்கு ஒரு வட்டம், அதுக்குள்ள அடைச்சு வச்ச மாதிரி புள்ளி. வாரா வாரம் அதே இடம். ஒரு குழாய் முனையைக் கிட்டக்க வச்சு ஊதினா மட்டும்தான் இப்படி வரும். எதை வச்சு ஊதறீங்க?

— மேடம்...

— எதை வச்சு?

— ப்ளோயர்.

— என்ன ப்ளோயர்?

— போன்ல தூசி ஊதறதுக்கு ஒரு ரப்பர் பல்பு இருக்கும். அமுக்கினா முனையில காத்து வரும். சூடெல்லாம் இல்ல மேடம், வெறும் காத்துதான். ரொம்ப மெதுவாத்தான் ஊதுவேன்.

— எத்தனை தடவை?

— போன வாரம் அம்பது. சிமிட்டாம. இன்னிக்கு அறுபது.

— அம்பதுக்கு முப்பத்தொண்ணு. அறுபதுக்கு முப்பத்தொம்பது. அப்ப பத்து ஊதலுக்கு எட்டுப் புள்ளி ஏறுது. அதுக்கு முந்தின வாரம் எத்தனை?

— மேடம், தயவுசெஞ்சு திட்டுங்க. கணக்கு போடாதீங்க.

— பழக்கதோஷம். இருங்க, திட்டறேன். உங்களுக்கு மூளை இருக்கா? சொந்தக் கண்ணுல யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? அதுவும் அந்தக் கண்ணை வச்சு கடுகை விடச் சின்ன வேலை செய்யற ஆளு!

— அதனாலதான் மேடம் வலதைத் தொடல. வலது கண்ணு சோறு போடற கண்ணு.

— கடவுளே! ரொம்ப யோசிச்சுத்தான் பண்ணியிருக்கீங்க. உங்க அக்காவுக்குத் தெரியுமா?

— அவளுக்கு எங்க தெரியும்? எனக்குப் பெரிய வியாதின்னு நினைச்சுக்கிட்டு கேரட்டா போட்டுத் தள்றா. காலையில கேரட், ராத்திரி கேரட். மச்சான் கடுப்பாகி, கண்ணு உன் தம்பிக்குத்தான போகுது, எனக்கு எதுக்குடி கேரட்டுன்னு சண்டை போடறார்.

— சிரிக்க வைக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்.

— சரி மேடம்.

— என் ஆராய்ச்சி எதைப் பத்தின்னு தெரியுமா உங்களுக்கு? சும்மா வந்து நாடியை வச்சுட்டுப் போனீங்களா?

— தெரியுமே. கண்ணுல சாயம் போட்டு வியாதியைக் கண்டுபிடிக்கறது.

— இல்ல. வியாதியே இல்லாத கண்ணைப் பத்தினது. ஒரு நோவும் இல்லாத நல்ல கண்ணுல கூட ரெண்டு புள்ளி, அஞ்சு புள்ளி வரும். எத்தனை வரைக்கும் சகஜம், எத்தனைக்கு மேல போனா வியாதின்னு ஒரு கோடு போடணும். அந்தக் கோட்டைத்தான் நாலு வருஷமா தேடிட்டிருக்கேன். அதுக்குத்தான் நல்ல கண்ணு உள்ள நாப்பது பேரு. நீங்க அதுல பதினேழாவது ஆளு.

— ம்.

— நல்ல கண்ணுலயே முப்பத்தொம்பது புள்ளி வரும்னு நீங்க காட்டினா, என் கோடு எங்கயோ மேல போய் நிக்கும். நாளைக்கு ஒரு அம்மா நெஜமான வியாதியோட வருவாங்க, கண்ணுல இருபது புள்ளி இருக்கும். ஒண்ணும் இல்லம்மா, சகஜம்தான், வீட்டுக்குப் போங்கன்னு டாக்டர் அனுப்பிடுவார். என் கோட்டை நம்பி.

— ஐயோ.

— ஆமா. ஐயோதான்.

— நான் அப்படி நினைக்கவே இல்ல மேடம். சத்தியமா நினைக்கல. கண்ணு என்னுதுதான, யாருக்கு என்ன நஷ்டம்னு இருந்துட்டேன். இப்படி முகம் தெரியாத ஒரு அம்மா தலையில போய் விடியும்னு தெரியாமப் போச்சு. இப்பவே உங்க பேராசிரியர் ரூம் எங்கன்னு காட்டுங்க, நானே போய்ச் சொல்லிடறேன். இவங்க மேல தப்பில்ல, நான்தான் ஊதினேன்னு எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றேன். என்னைக் கணக்குலேர்ந்து தூக்கிடுங்க. முப்பத்தொம்பது பேரு போதாதா?

— போதாது. நாப்பது பேருன்னு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினது. ஒரு ஆளு குறைஞ்சா, புதுசா ஆள் பிடிச்சு, மறுபடி மொதல்லேர்ந்து. திங்கக்கிழமைங்கறது அடுத்த வருஷம் ஆயிடும்.

— நான் செத்தேன்.

— செத்தது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. ஆரம்பத்துல உங்களுக்கு நாலு புள்ளி, அஞ்சு புள்ளிதான் இருந்துச்சு. அதுவும் ஊதி வந்ததா?

— இல்ல, இல்ல. அது நெஜக் கண்ணு.

— எந்தத் தடவை ஊத ஆரம்பிச்சீங்க? தப்பாச் சொன்னீங்கன்னா என் நாலு வருஷமும் போச்சு.

— எத்தனாவது தடவைன்னு தெரியல மேடம், ஆனா நாள் ஞாபகம் இருக்கு. மொத நாள் வந்தப்ப ஊதல. அன்னிக்கு எனக்கு இந்த ஆஸ்பத்திரியில வாசல் எதுன்னே தெரியாது. அப்புறம் கரண்ட் போச்சே, இருட்டுல ரெண்டு பேரும் உக்காந்து உங்க காலேஜ் கதையெல்லாம் சொன்னீங்களே, அன்னிக்கும் ஊதல. அப்புறம் உங்க ஸ்டூல் உடைஞ்சு நீங்க விழுந்தீங்களே...

— விழல. சாஞ்சேன்.

— சாஞ்சீங்களே, அன்னிக்கும் நெஜக் கண்ணுதான். அன்னிக்குத் திரும்பிப் போகும்போது வராண்டாவுல அந்த பேங்க்காரரைப் பாத்தேன், பதினாறாம் நம்பர். அவர் சொன்னார், என் கண்ணு சுத்தமா இருக்காம், இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க, தொல்லை விட்டுதுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என் கண்ணும் சுத்தமாத்தான இருக்கு, அடுத்த வாரம் நம்மளையும் அப்படித்தான சொல்லிடுவாங்கன்னு. அடுத்த வாரம் பெரிய மழை. அன்னிக்குத்தான் மொத தடவையா ஊதினேன். இருபதுதான்.

— மழை பேஞ்ச அன்னிக்கு.

— ஆமா.

— அதுக்கு முன்னால ஒண்ணு கூட இல்ல?

— ஒரு ஊதல் கூட இல்ல. அக்கா மேல சத்தியம்.

— ஸ்டூல் உடைஞ்ச அன்னிக்கு?

— அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல கண்ணீர்தான் வந்துச்சு. காத்தெல்லாம் படல.

— அப்பாடா! போன உசுரு திரும்பி வந்துச்சு.

— மேடம்? என்ன மேடம், அழறீங்களா?

— இல்ல. சாயம் பட்டுடுச்சு.

— சாயம் என் கண்ணுலதான மேடம் இருக்கு.

— ஒரு நிமிஷம் சும்மா இருங்க.

— இப்ப சிரிக்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கோவம் போயிடுச்சா, இல்ல இனிமேதான் வரப்போகுதா?

— அதை அப்புறம் சொல்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. வர வேணாம்னு சொன்னா தொல்லை விட்டுதுன்னு போக வேண்டியதுதான? அந்த பேங்க்காரர் மாதிரி. எதுக்கு ஊதினீங்க?

— விஷயம் என்னன்னா...

— ம்.

— விஷயம் என்னன்னா மேடம்...

— விஷயம் வர்றதுக்குள்ள திங்கக்கிழமை வந்துடும்போல.

— அந்த ஃபாரத்துல மூணாவது பக்கம் படிச்சேன். ஆராய்ச்சி செய்யறவங்களோட சொந்தக்காரங்க, சிநேகிதங்க யாரும் சேரக் கூடாதுன்னு போட்டிருக்கு. அப்ப நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லி, நீங்களும் சரின்னு சொல்லிட்டீங்கன்னா, என் நம்பர் அடிபட்டுடும். உங்களுக்கு ஒரு ஆளு குறைஞ்சுடும். சொல்லாம இருந்தா, கண்ணு சுத்தம்னு அனுப்பிடுவீங்க. சொன்னாலும் போச்சு, சொல்லாட்டியும் போச்சு. என்னால என்ன பண்ண முடியும்? ஊதினேன்.

— சரின்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கூட யோசிச்சாச்சு.

— இல்லைன்னு சொல்லுவீங்கன்னும் யோசிச்சேன் மேடம். அப்படிச் சொன்னா நம்பர் தப்பிச்சுடும், ஆனா நான் தப்பிக்க மாட்டேன்.

— வாயால சொல்லாம, ஒரு ரப்பர் பல்பை வச்சு ஊதி ஊதிச் சொல்லியிருக்கீங்க.

— வாரத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் மேடம் எனக்குக் கிடைச்சுது. பச்சைச் சாயம் ஊறற நேரம். அதுக்காக அறுபது என்ன, நூறு கூட ஊதுவேன். ஆனா இப்படி உங்க படிப்புல மண்ணைப் போடுவேன்னு தெரிஞ்சிருந்தா, அந்த பல்பைக் கையால தொட்டிருக்க மாட்டேன். மன்னிச்சிடுங்க. வாங்க, பேராசிரியர்கிட்ட போலாம்.

— உக்காருங்க. அலமாரியில அந்த நீல ரெஜிஸ்டர் இருக்கு பாருங்க, எடுங்க. அது இல்ல, தடியா இருக்கே அது. பதினேழுன்னு போட்ட பக்கத்தைத் திருப்புங்க.

— நான் பாக்கலாமா?

— உங்க கண்ணுதான. பாருங்க. எத்தனை வரி எழுதியிருக்கு?

— ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுதான் இருக்கு.

— மூணாவது வரியில என்ன தேதி?

— இது... அந்த ஸ்டூல் உடைஞ்ச நாள். இடது கண்ணு அஞ்சு புள்ளி, வலது கண்ணு நாலு புள்ளி. கீழ சிவப்பு மையில "முடிந்தது"ன்னு எழுதி, உங்க கையெழுத்து. மேடம், அப்புறம் மழை பேஞ்ச அன்னிக்கு எண்ணினீங்களே, அது எங்க? அதுக்கப்புறம் எண்ணினது? இன்னிக்கு எண்ணின முப்பத்தொம்பது?

— எங்கயும் எழுதல.

— ஆனா ஒவ்வொரு தடவையும் போகும்போது, அடுத்த வாரமும் வந்துடுங்க, இன்னும் பாக்க வேண்டியிருக்குன்னு சொன்னீங்களே?

— ஆராய்ச்சிக்காக உங்களைக் கூப்பிட்டது மூணே தடவைதான், பதினேழு. மிச்ச நாலு தடவையும் நானாத்தான் கூப்பிட்டேன்.